உன் கார் டேங்கில் நான் ஊற்றியது

தம்பி,

உன் காரைக் கெடுத்தது இஸ்மாயில் இல்லை, உன்னைப் பெற்ற நான்தான். நம் பைபர் படகுக்கு வாங்கி மிச்சம் கிடந்த கேன் பெட்ரோலை உன் டேங்கில் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது, அடியில் கடல் தண்ணியும் கிடந்தது. உன் நிச்சயதார்த்தத்தன்று தருமபுரத்தில் சம்பந்தி வீட்டுத் தெருவில் கார் நின்றுபோனபோதே எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், "கை வச்சவன் ஒழுங்கா வச்சிருந்தா இப்படி நடுத்தெருவுல நிக்குமா?" என்று எல்லார் காதிலும் விழும்படி மெக்கானிக் இஸ்மாயிலைக் கேட்டேன். நீ என்னை நம்பினாய். கத்தாருக்குத் திரும்பிப் போன பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்தினாய். கல்யாணத்துக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்று போன மாதம் போனில் சொன்னாயே, அதில் அவர் பெயர் வரவில்லை. "இஸ்மாயில் அண்ணனை விட்டுட்டியேப்பா" என்றேன். "எந்த அண்ணன்?" என்றாய்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் தொழிலில் கரையேற்றி வைத்த படகின் டேங்கைக் காலியாக விடமாட்டோம், உனக்கே தெரியும். காலியாக விட்டால் உள்ளே வேர்க்கும், வேர்த்த தண்ணி துருவாகும். அதனால் விளிம்பு வரைக்கும் ஊற்றி இறுக்கி மூடிவைப்போம். நிச்சயத்துக்கு முன்னால் நீ கத்தாருக்குக் கிளம்பிய சமயம் இஸ்மாயில் உன் காரைக் கழற்றி எல்லாவற்றையும் சுத்தம் செய்து, டேங்கில் அடி நனையும் அளவுக்கு மட்டும் பெட்ரோல் விட்டு, கார்புரேட்டர் இரண்டையும் காயவைத்து, நம் ஐஸ் கிடங்குக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனார். "அக்கா, இப்ப வர்ற பெட்ரோல் ரொம்ப நாள் தாங்காது, ஈரத்தை இழுத்துக்கும். தம்பி வந்ததும் புதுசா ஊத்திக்கலாம். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்" என்று என்னிடம்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, ஊருக்குள்ளே கடை வைத்திருக்கிறவனுக்கு உப்புக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைச் சுவரெல்லாம் கசிந்தது. எனக்கு உன் கார் டேங்க் காலியாகக் கிடக்கிற நினைப்பாகவே இருந்தது. நீ பிறப்பதற்கு முன்னால் செய்த கார், புதுச்சேரிக்குப் பத்துத் தடவை போய்க் கெஞ்சி வாங்கி வந்தாய், என் பொறுப்பில் விட்டுப் போயிருக்கிறாய், அது துருப்பிடித்துவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பது? பைபர் படகு இன்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள் இல்லையா, அந்தப் பெட்ரோல் கேன்கள் இரண்டு மூலையில் கிடந்தன. உங்கப்பாதான் தூக்கிப் பிடித்தார். "அடியில கலங்கலா இருக்கு புள்ள. மேலாப்புல ஊத்திட்டு மிச்சத்தை விட்டுடுவோம்" என்றார். "காசு போட்டு வாங்கினது, நல்லாக் கவுத்து ஊத்துங்க" என்றேன். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினோம். மூடியைத் திருகிவிட்டு, மகன் பொருளைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன் தெரியுமா.

நிச்சயத்தன்று நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ பார்த்த பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரியும். டேங்க் நிறைந்திருந்ததைப் பார்த்து இஸ்மாயில்தான் ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, காலையிலேயே புது பேட்டரி போட்டு நீ முக்கி முக்கிக் கிளப்பினாய். வெள்ளைப் புகை வந்தது. "ரொம்ப நாள் நின்ன வண்டிம்மா, ஓட ஓடச் சரியாயிடும்" என்றாய். புகையில் என்ன வாடை அடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கடற்கரையில் தினம் முகர்கிற வாடை அது. வாய் திறக்கவில்லை. திருவேட்டக்குடியிலிருந்து தருமபுரம் வரைக்கும் எப்படியோ வந்து சேர்ந்தது. தட்டு மாற்றி முடிந்ததும், மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று போய் வருகிறேன் என்று கிளம்பினாய். கூரையை மடக்கிவிட்ட கார், இரண்டே பேர், தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. தெருமுனை தாண்டவில்லை. அடியில் கிடந்த தண்ணி குலுங்கி மேலே ஏறியிருக்கும். ரெண்டு இருமல், நின்றுவிட்டது.

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன் மாமனார் தள்ளினார். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருந்தாரா? "என்ன சார், மாப்பிள்ளை வண்டியைத் தள்ளுறதும் சீர்வரிசையில சேர்த்தியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், உன் மாமனாரும்தான் சிரித்தார். உன் காது மட்டும் சிவந்துபோனது. இஸ்மாயில் பந்தியிலிருந்து பாதி இலையில் எழுந்து ஓடி வந்தார். டேங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். "என்னக்கா இது, படகு வாடை அடிக்குது?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை, கெட்டிக்காரன் சந்தேகத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குத்தான் அது வேறு இடத்தில் போய்க் குத்தியது. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். "அம்மா, நீ வேணாம், அப்பா வரட்டும்" என்றாய். ஏன் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து, பெட்டி கட்டி, கேரளாவுக்கு வண்டி ஏற்றிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தேன், என் மேல் என்ன வாடை அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிக்காமல் நான் கிளம்பியதில்லை. நிச்சயத்தன்று உன் மாமியார் என் கையைப் பிடித்து, "நீங்க வந்ததுமே மல்லி வாசனை தூக்குதுங்க" என்றார்கள். எனக்கு ஒரு பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதே வாசலில், மாதச் சம்பளம் வாங்குகிற அந்த மனுசர்களுக்கு நடுவில், படகு வாடை என்கிறார் இஸ்மாயில். படகில் மிஞ்சிய கழிவை மகன் காரில் ஊற்றிய கருமி, மீன்காரி என்றுதானே பேசுவார்கள்? அந்தப் பயத்தில் வாயில் வந்ததை அவர் தலையில் போட்டேன்.

இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காக இருந்தால் அன்றோடு நிறுத்தியிருப்பேன். நான் நிறுத்தவில்லை. நீ ஊருக்குப் போன மறுவாரம் துறைமுகத்தில் ஏலம் முடிந்து நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒருத்தன் கேட்டான்: "அக்கா, படகு இன்ஜின் மக்கர் பண்ணுது. இஸ்மாயில்கிட்ட கொடுக்கலாமா?" நான் சொன்னேன்: "தாராளமாக் கொடு. கடலுக்குப் போறப்ப துடுப்பை மட்டும் மறக்காம எடுத்துக்க." குபீரென்று சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஊரில் ஒரு எடை உண்டு. நான் ஒரு மீனைத் தொட்டு, வேண்டாம் என்று கையை எடுத்தால் பக்கத்து வியாபாரியும் எடுத்துவிடுவான். அப்படித்தான் இதுவும் நடந்தது. நம் கரையிலிருந்து இஸ்மாயில் கடைக்குப் போய்க்கொண்டிருந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாக வேறு பக்கம் போக ஆரம்பித்தன. அவர் கடையில் பாதி வேலை நம் படகு இன்ஜின்கள்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன். உங்கப்பா ஒருநாள் சாப்பிடும்போது, "சொல்லிடு புள்ள" என்றார். எதை என்று கேட்கவில்லை நான். குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீ "எந்த அண்ணன்?" என்று கேட்ட மறுநாள் இஸ்மாயில் கடைக்குப் போனேன். மனசுக்குள் என்ன கணக்குப் போட்டுக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்லாமலே காரைச் சரிசெய்துவிடலாம், கேட்கிறதைக் கொடுத்துவிடலாம், அவரும் வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடுவார், பத்திரிகையையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று போட்டுக்கொண்டுதான் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. துடுப்பு எதுவும் வேணுங்களா?"

அந்தப் பேச்சு அவர் காதுக்கு வந்திருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை, பார்.

"காரைச் சரி பண்ணணும் தம்பி. என்ன கேட்டாலும் தர்றேன்" என்றேன்.

"யாரு கெடுத்தான்னு தெரிஞ்சாத்தானே என்ன கேக்கலாம்னு சொல்ல முடியும்?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். "சரி, வண்டியைக் கொண்டாந்து விடுங்க. ஆனா டேங்க்கைக் கழட்டறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும். அப்புறம் நான்தான் எதையோ போட்டேன்னு இன்னொரு கதை வந்துடக் கூடாது பாருங்க."

நம் ஐஸ் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். காரை ஜாக்கியில் ஏற்றி, டேங்கில் இருந்ததைக் குழாய் வழியாக முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாகப் பிரிந்தது. மேலே பழுப்பு, கீழே கலங்கல், அதற்கும் கீழே செங்கல் தூள் மாதிரி துரு. பக்கத்துக் கடைக்கு டீ வாங்க வந்த ஆட்டோக்காரர் ஒருத்தர் நின்று எட்டிப் பார்த்தார். இஸ்மாயில் பாட்டிலை என் முன்னால் வைத்தார்.

"கீழ நிக்கிற தண்ணியை ஒரு சொட்டு தொட்டு நாக்குல வச்சுப் பாருங்கக்கா. என் கடைக் குழாய்த் தண்ணியா, உங்க கடல் தண்ணியான்னு நீங்களே சொல்லிடலாம்."

"வேணாம் தம்பி. நான்தான் ஊத்தினேன்."

"சத்தமாச் சொல்லுங்க, காத்துல போயிடுச்சு."

"நான்தான் ஊத்தினேன்!" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் டீயை வாங்காமலே போய்விட்டார்.

இஸ்மாயில் மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மன்னிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் வீசினார். "எனக்கு மூடியைத் திறந்தப்பவே தெரியும். சபையிலேயே போட்டு உடைச்சிருக்கலாம். மாப்பிள்ளைக் கோலத்துல நின்ன உங்க மகன் மூஞ்சியைப் பார்த்துட்டு விட்டேன். விட்டதுக்கு நல்லா கூலி கொடுத்தீங்க. நீங்களும் கொடுத்தீங்க, அவனும் கொடுத்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். நான் அந்த நாறுகிற பாட்டிலோடு கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் இனிமேல் வரமாட்டேன் என்று எனக்கே தெரிந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கீங்களா? அப்ப சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்து பிடிங்க" என்றார். டேங்கைக் கீழே இறக்கினோம். உள்ளே பழைய நட்டுகளை அள்ளிப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். துரு உதிர்ந்து செந்தண்ணியாக வந்துகொண்டே இருந்தது. "புளி போட்டுக் கழுவினா பளிச்சுன்னு போயிடும் தம்பி, அண்டாவெல்லாம் நான் அப்படித்தான் தேய்ப்பேன்" என்றேன். "மீன் குழம்பா வைக்கிறோம்?" என்றார். அதற்கென்று இருக்கிற ஆசிட்டை ஊற்றி ஊறவைத்து, அலசி, காற்றடித்துக் காயவைத்து, மறுபடி துரு ஏறாமலிருக்க உள்ளே ஒரு பூச்சு ஊற்றி உருட்டினார். பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்கள் மண்ணெண்ணெயில் ஊறி, விரலால் அழுத்தினால் கறுப்பு மை ஒட்டியது. பம்புக்குள் இருந்த சவ்வு விறைத்துப்போயிருந்தது. எல்லாம் புதுசு போட வேண்டியதாயிற்று.

கார்புரேட்டர் இரண்டையும் பிரித்துப் பழைய துணியில் பரப்பினார். நீ கிளம்பும்போது கண்ணாடி மாதிரி இருந்த சாமான்கள், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக்கிடந்தன. உள்ளே மிதவை ஒன்று இருக்கிறது, நம் வலையில் கட்டுகிற மிதவை மாதிரியேதான் அதற்கும் வேலை. பெட்ரோல் நிறைந்தால் அது மேலே எழுந்து ஊசியால் வழியை அடைக்க வேண்டும். ஊசி உப்புப் பூத்து இறுகிப்போயிருந்தது. பெட்ரோல் பீச்சுகிற ஜெட் என்று சின்னச் சின்னதாக இருக்கிறது, ஓட்டை கண்ணுக்கே தெரியவில்லை. குத்தி எடுக்கலாம் என்று ஜாக்கெட்டில் இருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன். இஸ்மாயில் கையைத் தட்டிவிட்டார். "ஓட்டை பெரிசாச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் அதுக்கும் நான்தான் காரணமா?" என்றார். ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி ஊறவைத்தார். மாற்று ஊசி சென்னையிலிருந்து வரும் வரைக்கும் கார் வாயைப் பிளந்துகொண்டு கடையில் கிடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, "என்னக்கா, மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். முதலில் சிரித்து மழுப்பினேன். அப்புறம் மழுப்ப முடியவில்லை. "நான் ஊத்திக் கெடுத்ததை அவர் சரி பண்றார்" என்று சொல்லப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் முகம் எரிந்தது. பழகிவிட்டால் எரியாது என்று நினைத்தேன், எரியத்தான் செய்கிறது.

முந்தாநாள் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பினார். முதலில் ஒரு பக்கம் ஒழுகியது. அணைத்து, மிதவையைக் கொஞ்சம் வளைத்து, மறுபடி கிளப்பினார். வெள்ளைப் புகை இல்லை. மண்ணெண்ணெய் வாடை இல்லை. எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும், ஆனால் ஒரு இன்ஜின் நல்ல மனசோடு ஓடுகிறதா இல்லையா என்பது கேட்டால் தெரியும். இது ஓடுகிறது தம்பி. இஸ்மாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் அவர் முகத்தில் என் மேலிருந்த கோபம் இல்லை. அணைத்ததும் திரும்ப வந்துவிட்டது.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதியில் நான் இப்போது இல்லை. இருந்தாலும் கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் ஒன்றும் சொல்லாமல் விடக் கூடாது. உன்னைக் கட்டிக்கொள்ள வருகிற பெண்ணிடம் உன் தாய் மீன் வியாபாரி என்று மறைக்க நீ எதுவும் செய்ததில்லை, அது எனக்குத் தெரியும். மறைக்கப் பார்த்தது நான். நாலு பேர் முன்னால் கௌரவம் போய்விடுமோ என்று பயம் வருகிற நேரத்தில் வாயைத் திறக்காதே. நான் அந்த ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தால் இவ்வளவும் இல்லை. இன்னொன்று, நீ யாரை நம்பினாலும், பெற்ற தாயை நம்பினாலும், எதிரே நிற்கிறவரையும் ஒரு வார்த்தை கேள். நீ இஸ்மாயிலிடம் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. அவருக்கு என் பேச்சைவிட அதுதான் அதிகம் வலித்திருக்கிறது. அதில் பாதிப் பாவம் எனக்கு, பாதி உனக்கு. உன் பங்கை நான் தீர்க்க முடியாது.

கூலி பேசலாம் என்று நேற்று உட்கார்ந்தோம். காசு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது வேறு. நீ சிரிப்பாய், அதற்கும் நான் பேரம் பேசினேன். என் வாயால் கெட்டுப்போன அவர் பெயரை என் வாயாலேயே துறைமுகத்தில், ஏலம் நடக்கும்போது, கூட்டம் இருக்கும்போது மீட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். ஏலம் முடிந்த பிறகு சொல்கிறேனே என்றேன். "துடுப்பைப் பத்திச் சொன்னப்ப நாலைஞ்சு பேர்தான் இருந்தாங்க, அது ஊரு முழுக்கப் போச்சு. இது ஊரு முழுக்கப் போக எத்தனை பேர் வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். எழுத்திலும் வேண்டும், கடைச் சுவரில் ஒட்டுவேன், பொங்கல் வரைக்கும் இருக்கும் என்றார். ஒரு வாரம் போதாதா என்றேன். "மீனா இது, ஒரு வாரத்துல நாறிப்போக?" என்றார். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் மாமனார் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அவரும் படிக்கட்டும், தள்ளினவருக்குக் காரணம் தெரிய வேணாமா?" என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டது இதுதான். வேலைக்குக் கூலி கிடையாது, சாமான் வாங்கிய செலவு மட்டும் என்னுடையது. வெள்ளிக்கிழமை காலை ஏலத்துக்கு நடுவில், நான் விலை கூறுகிற அதே குரலில், யார் கெடுத்தது என்பதையும் துடுப்புப் பேச்சு பொய் என்பதையும் சொல்ல வேண்டும். நம் படகு இன்ஜின்கள் இனி அவர் கடைக்கே போகும். இந்தக் கடிதத்தின் ஒரு நகல், ஒரு வரியும் அடிக்காமல், உன் கல்யாணம் முடியும் வரைக்கும் அவர் கடைச் சுவரில் இருக்கும். பத்திரிகையை நான் கொண்டுபோனால் வாங்கமாட்டார், காரையும் என்னிடமோ உங்கப்பாவிடமோ விடமாட்டார். நீ ஊருக்கு வந்து, அவர் கடைக்கு நேரில் போய், அவர் பேசுவதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பத்திரிகையை நீட்ட வேண்டும். வாங்குவதும் வாங்காததும் அன்றைக்கு அவர் இஷ்டம். சாவி மட்டும் உன் கையில் கொடுத்துவிடுவார்.